சவரக்கத்தியும் சாதிக்கத்தியும்

மஸ்கட்டில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஊர்ப்பேச்சு எங்கெங்கோ சுற்றி சலூனில் வந்து நிற்கும். "லீவுல போனா சலூன் பக்கமே போறதில்ல சார். யார் யார் முகத்துல போட்ட கத்தியோ?" என்பார் ஒருவர். நியாயமான பயம். அடுத்து இன்னொருவர் சொல்வார் பாருங்கள்: "எங்க அப்பா காலத்துல கண்டவங்கள உள்ள விட மாட்டாங்க. அதனால சுத்தமா இருந்துச்சு." அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது.

முதல் பேச்சு கத்தியைப் பற்றியது. இரண்டாவது சாதியைப் பற்றியது. இரண்டையும் ஒரே துண்டில் மடித்து "சுத்தம்" என்று பெயர் வைக்கிறார்கள். பிரித்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் கத்தி. சலூனில் அதிகம் வெட்டுப்படும் ஆள் யார் தெரியுமா? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அல்ல, பின்னால் நிற்கும் அந்த மனிதர்தான். உங்களுக்கு எப்போதாவது கன்னத்தில் ஒரு கீறல். அவருக்கோ ஈர விரலால் அரை பிளேடை மாட்டும்போது, கழற்றும்போது, சோப்பு நுரையை வழித்துத் துடைக்கும்போது, எல்லாமே ஆபத்து. பழைய மடக்குக் கத்தி என்றால் தோல்வாரில் தீட்டும்போதும் விரல் போகும். எல்லாவற்றையும்விட மோசம், கை தவறி விழும் கத்தியைப் பிடிக்கப் போவது. விழுந்தால் விழட்டும் என்று காலை நகர்த்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கை கேட்காது, தானாகப் பாயும்.

வெட்டுப்பட்ட அந்த விரலோடுதான் அவர் அடுத்த ஆளைத் தொடுகிறார். ரத்தத்தில் வரும் நோய் இரண்டு பக்கமும் போகும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். பிளேடைப் புதிதாகப் போட்டுவிட்டு, போன ஆளின் கீறலில் தேய்த்த படிகாரக்கல்லையே உங்கள் கீறலிலும் தேய்த்தால் என்ன பிரயோஜனம்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ஆளுக்கொரு புது பிளேடு. பழையதைக் குப்பைக்கூடையில் போடாமல் மூடி போட்ட தகர டப்பாவில் போடவேண்டும். இல்லாவிட்டால் குப்பை அள்ளுபவர் கை கிழியும்.

2. பிளேடைக் கழற்றிய பிறகே கத்தியைக் கழுவவேண்டும். நுரையைக் கையில் வழிக்காமல் காகிதத்தில் வழிக்கவேண்டும்.

3. வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்கவேண்டும். மஞ்சள்தூள், காப்பித்தூள் அப்பக்கூடாது. விரல் மரத்துப் போனாலோ மடக்க வராவிட்டாலோ நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம், நேராக ஆஸ்பத்திரிதான். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்றும் பார்க்கவேண்டும்.

4. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து.

நான் பி.காம். படித்து பேங்கில் குப்பை கொட்டுபவன். எனக்கு எதையும் கணக்காகப் பார்த்துத்தான் பழக்கம். ஒரு சவரத்தின் செலவைப் பட்டியல் போடுங்கள்: பிளேடு, நுரை, துண்டு, டெட்டால், கடை வாடகை, அவர் கூலி. இதில் எந்த வரியில் வாடிக்கையாளரின் சாதி வருகிறது? எந்த வரியிலும் வராது. ஆக, சாதி பார்த்து ஆளை வெளியே நிறுத்துவதால் சலூன் ஒரு பைசா அளவுக்குக்கூடச் சுத்தமாவதில்லை. பழைய பிளேடு போட்டு 'நம்மாளுங்களுக்கு மட்டும்' நடக்கும் கடையைவிட, புது பிளேடு போட்டு ஊருக்கே திறந்திருக்கும் கடைதான் பத்திரம். வைரஸ் ரேஷன் கார்டைப் பார்த்து ஏறுவதில்லை.

"இதெல்லாம் பழங்கதை சார்" என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: வட்டவடை. இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைக்கிராமம். பூண்டுக்குப் பெயர் போனது. அங்கே பேச்சு மொழி தமிழ். அந்த ஊர் சலூன்களில் அருந்ததியர்களுக்கு (அந்தப் பக்கத்தில் சக்கிலியர் என்பார்கள்) முடி வெட்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக இதுதான் நடைமுறையாக இருந்தது. முடி வெட்ட மலைப்பாதையில் வேறு ஊருக்குப் போகவேண்டியிருந்தது. மூணாறு என்றால் சுமார் 45 கிலோமீட்டர். நூறு சதவீத எழுத்தறிவு என்று மார்தட்டிய கேரளாவில்தான் இது. 2020-ல் விவகாரம் பெரிதாகி, பாகுபாடு காட்டிய கடைகளைப் பஞ்சாயத்து மூட வைத்தது. அந்த வருஷம் செப்டம்பரில் எல்லோருக்குமான பொது முடிதிருத்தும் நிலையத்தைப் பஞ்சாயத்தே திறந்தது. ஒரு மனிதன் தன் ஊரிலேயே தலைமுடி வெட்டிக்கொள்ள அரசாங்கமே கடை போடவேண்டி வந்தது என்றால் யார் வெட்கப்படவேண்டும்?

பாலக்காடு பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. பொள்ளாச்சியிலிருந்து போனால் எல்லையில் வரும் கோவிந்தாபுரம், முதலமடைப் பஞ்சாயத்து. அங்கே அம்பேத்கர் காலனி அருந்ததியர்களுக்குத் தண்ணீர்க் குழாயிலும் டீக்கடை கிளாஸிலும் பாகுபாடு என்று 2017-ல் செய்திகள் வந்தன. டீ கிளாஸில் எந்த பிளேடு இருக்கிறது, எந்த ரத்தம் இருக்கிறது? இங்கேயும் சொல்லும் காரணம் "சுத்தம்"தானே?

"தப்பு நாவிதர் மேலதானே, நாம என்ன பண்ணினோம்?" என்று நழுவுபவர்களுக்கும் பதில் உண்டு. கத்தி அவர் கையில் இருக்கலாம். அவர் கையைப் பிடித்திருப்பது யார்? "அவனுக்கு வெட்டினா நாங்க வரமாட்டோம்" என்று சொல்லும் வாடிக்கையாளர்தான். அந்த நாவிதரையே வாசல் தாண்டி உள்ளே விடாத வீடுகள் நம்மில் எத்தனை? அவரைக் கீழே வைத்துவிட்டு, இன்னொருவரைத் தொடாதே என்று அவருக்கே உத்தரவும் போடுகிறோம். பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் அவர் பணிகிறார். அது அவர் செய்வதை நியாயமாக்காது. ஆனால் குற்றத்தில் பெரிய பங்கு நம்முடையது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் 1948-லேயே "கடை என்றால் சலவைக்கடை, சவரக்கடை எல்லாம் சேருமா?" என்ற கேள்வி எழுந்தது. உள்ளே நுழைய விடுவது மட்டுமல்ல, சேவை தருவதும் சேரும் என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கினார். 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், தீண்டாமையால் சேவை மறுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு.

இப்போது நம் கதை. இங்கே நமக்கு முடி வெட்டுபவர் வங்காளதேசத்துக்காரர். நமக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பட்டாணி, அவருக்கு முன்னால் பிலிப்பைன்ஸ்காரர். யாராவது சாதி கேட்டோமா? புது பிளேடா என்று மட்டும் பார்க்கிறோம், சொகுசாகச் சாய்ந்துகொள்கிறோம். பிறகு விமானம் ஏறி கோயம்புத்தூரில் இறங்கியதும் எங்கிருந்து வருகிறது அந்தப் பழைய "சுத்தம்"?

உண்மையிலேயே சுத்தம்தான் கவலை என்றால் வழி இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் வரும் 18 தொழில்களில் முடிதிருத்துவதும் ஒன்று. பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி, முதல் தவணையாக ஒரு லட்சம் வரை 5 சதவீத வட்டியில் கடன். உங்கள் ஊர் சலூன்காரருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள், விண்ணப்பம் போட உதவுங்கள். தடுப்பூசிச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். நாம் ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிடும் பில்லைவிட அது அதிகம் வராது.

அடுத்த லீவில் பழனிக்கு மொட்டை போடவோ, பண்டிகைக்கோ ஊருக்குப் போவீர்கள். சலூன் நாற்காலியில் உட்காரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "அண்ணே, புது பிளேடுதானே?" இது முதல் கேள்வி. "இங்க எல்லாருக்கும் வெட்டுவீங்களா?" இது இரண்டாவது. பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இரண்டில் எதற்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏன் எழுந்தீர்கள் என்பதை அங்கே காத்திருப்பவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.