கொசுறு

நிறுத்துக் கொடுத்த சரக்குக்குப் பணம் வாங்கிக்கொண்ட பிறகு, கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பைக்குள் போடுகிறாரே, அதற்குக் கொசுறு என்று பெயர் என்பது நேயர்களுக்குத் தெரிந்ததே. எந்தக் கணக்கிலும் அதற்கு வரவும் இல்லை, பற்றும் இல்லை. ஆயினும் அது கிடைக்காத அன்று ஏதோ குறைந்தாற்போலத்தான் வீடு திரும்புகிறோம். சென்ற ஆடி அமாவாசையன்று கொடுமுடியில் எனக்கும் என் தாயாருக்கும் கிடைத்த கொசுறு ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் காலமான பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை அது. அம்மாவை அழைத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து காலை ரயிலில் போய் இறங்கினேன். தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் இடம் கொடுமுடி. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. தர்ப்பணம் முடிந்து, மகுடேசுவரரையும் வீரநாராயணப் பெருமாளையும், வன்னி மரத்தடியில் இருக்கும் மூன்று முகப் பிரம்மாவையும் தரிசித்தோம். அம்மா எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு மாதங்களாகவே அப்படித்தான். கேட்டதற்குத் தலையசைப்பார், அவ்வளவுதான்.

வீதியோரத்தில் ஒரு மாது வாழைக்காய்களைக் குவித்து வைத்திருந்தாள். அமாவாசைச் சமையல் பாக்கியிருக்கிறதே என்று அம்மா நின்றார். "லாபம், ரெண்டு, மூணு..." என்று அவள் ஆறு காய்களை எண்ணிப் போட்டாள். ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது களத்தில் நெல் அளப்பவர்களின் பழைய வழக்கம். கணக்கு உபாத்தியாயராகிய எனக்கு இதில் சிறிதும் ஆட்சேபம் கிடையாது. காய் ஒன்று 6 ரூபாய் என்றாள். அம்மா மறுபேச்சின்றிப் பணத்தை நீட்டினார். அவளோ சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க அக்கா! சொன்ன வெலைக்கே குடுத்துட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வருமுங்களா? இன்னும் ரெண்டு ரூவா கூடச் சொல்லாமப் போனமேன்னு பொரண்டு பொரண்டு படுக்கோணும். ஒருக்கா கொறைச்சுக் கேட்டுட்டுப் போங்க!"

எங்கள் வீட்டில் பேரம் பேசுவது முழுவதும் அப்பாவின் இலாகா. அவர் பாதி விலைக்குக் கேட்பார். இல்லை என்றால் விடுவிடென்று நான்கு அடி நடப்பார். பிறகு கடைக்காரர் கூப்பிடுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். அம்மா வெட்கத்தால் அடுத்த கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த அம்மாதான் அன்று தலையை நிமிர்த்தி, "மூணு ரூவான்னாக் குடு. இல்லாட்டி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நான்கு அடி நடந்தார். சரியாக நான்கு அடி! பிறகு ஓரக்கண்ணால் திரும்பியும் பார்த்தார்.

"அய்யோ, வாங்க வாங்க! என்ற பொழப்பே போச்சு!" என்று அவள் கூவினாள். அம்மா சிரித்தார். சிரிப்பின் நடுவே கண்ணும் கலங்கிற்று. கடைசியில் கொடுத்தது என்னவோ முழுசாக 36 ரூபாய்தான். பைக்குள் கறிவேப்பிலையும் வந்து விழுந்தது.

வழிநடந்து களைத்த ஔவைப் பிராட்டியை நாவல் மரத்தின்மேல் இருந்த சிறுவன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டு மடக்கிய கதை நினைவுக்கு வந்தது. அதே கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்த கே. பி. சுந்தராம்பாள்தான் 1953-இல் வெளிவந்த ‘ஔவையார்’ படத்தில் ஔவையாகத் தோன்றினார். கிழவியைப் பரிகாசம் செய்தவன் முருகன்; அதனால் குற்றமில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அந்தச் சிறுவன் பரிகாசத்தோடு பழத்தையும் உதிர்த்தான் அல்லவா?

பழம் இல்லாத பரிகாசமும் உண்டு. சில காலத்திற்கு முன் ஓர் அலுவலகத்தில், கையெழுத்துப் போடத் தெரியாத முதியவர் ஒருவரின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்திய குமாஸ்தா, "இந்த ஒரு எழுத்தைக் கற்க எண்பது வருஷமா ஆயிற்று?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுத்தறிவிப்பதே தொழிலாகக் கொண்ட நானும் சிரித்தேன். பெரியவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் போனார். அவரை எங்கே தேடிக் கண்டுபிடிப்பேன்?

மாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா, கேட்காமலே பேசத் தொடங்கினார். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அப்பா துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து ஒரு ஜோடி காளைக்கு விலை பேசியது. தரகர் பிடித்த விரலைத் தவறாக எண்ணியது. அதன்பின் நடந்த ரகளை! ஈரோடு வந்து சேர்ந்த பிறகும் கதை முடியவில்லை.