ஓய்வில்லாத கைக்கு எந்த மருந்தும் நிற்காது

2025 ஆகஸ்டில், சென்னை ரிப்பன் மாளிகை முன்பு பதின்மூன்று நாட்கள் போராடிய தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி நலத்திட்டங்களை அறிவித்தது. அவற்றுள் ஒன்று, தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தருவதற்கான தனித் திட்டம். நுரையீரல் நோயும் தோல் நோயும் அந்த அறிவிப்பில் இருந்தன. துடைப்பம் பிடிக்கும் கை இல்லை.

நம் தெருக்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய் விழிப்பு வரும். உதறினால்தான் உணர்வு திரும்பும். விடிந்தால் விரல் மடங்காது. டம்ளர் நழுவும். தைலம் தேய்த்து, மருந்துக் கடையில் இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஐந்தரை மணிக்கு மஸ்டருக்குப் போய்விடுவார்கள். "வேலை செய்கிற கை வலிக்கத்தானே செய்யும்" என்று நம் அம்மாக்களே சொல்லும் அளவுக்கு இதைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். எந்தச் சாதியின் கை வலித்தால் அது நோய், எந்தச் சாதியின் கை வலித்தால் அது இயல்பு என்பதையும் இந்தச் சமூகம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

இந்த வலிக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போனால், பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். இதைக் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறார்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுளீர் என்று இழுத்தால் அது தசைநாண் உறையின் வீக்கமாக இருக்கலாம். ஒரே அசைவை இறுக்கிப் பிடித்து ஆயிரம் முறை செய்வதும் மணிக்கட்டை வளைத்தே வைத்திருப்பதும் இவற்றுக்கு முக்கியக் காரணங்கள். பெருக்குவது, தொட்டியைத் தூக்கிக் கவிழ்ப்பது, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தோலை இழுத்துத் தைப்பது, பீடி சுற்றுவது எல்லாம் இதே அசைவுகள்தான்.

கை வலி முற்றினால் ஆபரேஷன்தான் என்ற பயத்திலேயே பலர் மருத்துவமனைப் பக்கம் போவதில்லை. ஆரம்பத்திலேயே பார்த்தால் பலருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. ரிஸ்ட் ஸ்ப்ளின்ட் என்கிற பட்டை மணிக்கட்டை நேராக வைத்திருக்கும். இரவில் அதைக் கட்டிக்கொண்டு ஆறு வாரமாவது தூங்கச் சொல்வார்கள். விலை சில நூறு ரூபாய்தான். இயன்முறை சிகிச்சை உண்டு. தேவையானால் மருத்துவர் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவார். சில வாரமோ சில மாதமோ வலி அடங்கும். மரத்துப்போவதற்குச் சர்க்கரை, தைராய்டு, தொழுநோய் போன்றவையும் காரணமாக இருக்கலாம் என்பதால் அவற்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். கட்டைவிரலின் அடிச்சதை தேய்ந்து, மரப்பு பகலிலும் நீங்காமல் இருந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அந்த நிலையில் ஆபரேஷன்தான் கையைக் காப்பாற்றும்.

இவை எல்லாம் பலன் தர ஒரு நிபந்தனை இருக்கிறது. வலிக்குக் காரணமான வேலையைச் சில வாரமாவது குறைக்க வேண்டும். இரவெல்லாம் பட்டை கட்டி, பகலெல்லாம் அதே துடைப்பத்தைப் பிடித்தால் என்ன பயன்? வராத நாளுக்குக் கூலி இல்லை என்கிற ஒப்பந்தத் தொழிலாளியிடம் "கைக்கு ஓய்வு கொடுங்கம்மா" என்று மருத்துவர் சொல்வது, கிடைக்காத மருந்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதுபோல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் நம் ஆட்கள் வார்டில் நிற்கிறார்கள்.

ஆகவே கை வலிக்கான சிகிச்சை என்பது கூலியோடு கூடிய ஓய்வைக் கேட்கும் உரிமைப் போராட்டமும்தான். அதற்கான வழி ஓரளவு ஏற்கெனவே இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார்கள். உரிய சந்தா நாட்கள் இருந்தால், நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். இந்தத் திட்டத்துக்கு அடித்தளமிட்ட அடார்கர் அறிக்கை 1944இல் வந்தபோது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அந்தக் கார்டு யாரும் போட்ட பிச்சை அல்ல.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் கார்பல் டனல் பெயரோடு இருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஈயம், பாதரசம், குரோமியம் எல்லாம் உண்டு. கார்பல் டனல் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அதனால் கை போனது வேலையால்தான் என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. அரசு அறிவித்த தொழில்நோய்ச் சோதனையில் கையையும் சேர்க்க வேண்டும். மணிக்கட்டுப் பட்டை இலவசமாகத் தர வேண்டும். கைப்பிடி தடித்த, நீளமான துடைப்பமும், அளவுக்குப் பொருந்தும் கையுறையும் வேண்டும். பொருந்தாத கையுறை இன்னும் இறுக்கிப் பிடிக்க வைத்து வலியைக் கூட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கூலி குறையாமல் இலகு வேலை தர வேண்டும். அட்டவணையைத் திருத்த வேண்டும். இவை எதுவும் பணி நிரந்தரத்துக்கு மாற்று அல்ல. நிரந்தர வேலை இருந்தால்தான் பயமின்றி லீவு கேட்க முடியும்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை குடியிருப்பில் மருத்துவ முகாம் நடத்தும்போது பிரஷர், சுகரோடு நிறுத்தாதீர்கள். இரவில் கை மரக்கிறதா, எந்த விரல், எத்தனை நாளாக, எந்த வேலை என்று கேட்டு எழுதி வையுங்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா, கார்டு கைக்கு வந்ததா என்று பாருங்கள். ஒரு அக்காவோடு ஒரு நாள் ஓபி வரிசையில் போய் நில்லுங்கள். மருத்துவர் சீட்டில் அவர் செய்யும் வேலையையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நாளை இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரிதான் சாட்சி.

ஜெய் பீம்.