பாடு பிரித்தவர் மக்களுக்கு ஆங்கில நிரலா?

சிறார்க்குக் கணிப்பொறி நிரல் கற்பிக்கும் மன்றங்கள் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் வரட்டும், வரவேற்போம். ஆங்கிலத்தை வாயிற்காவலாக நிறுத்திக்கொண்டு வருதல் எதற்கு?

நிரலென்பது யாது? இன்னது நேரின் இன்னது செய்க என முறைப்படுத்திய கட்டளைகளே! ஏரியில் எவர், எந்நாள், எவ்விடத்தில் வலையிடுவதெனச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் வகுப்பது பாடு முறை. அதனை வழிவழியாய் நடத்திவந்த கோட்டைக்குப்பத்து மீனவர்தம் மக்களுக்கு அவ்வறிவு புதிதன்று. அயன்மொழிச் சொல்லே புதிது.

தமிழில் இயலாதென்பார் முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' நிரல்மொழியைக் கண்டதுண்டோ? அதில் 'பதிப்பி' என்றால் திரையில் எழுத்துத் தோன்றும். 'ஆனால்', 'இல்லை' என்பனவே கிளைவழி பிரிக்கும். ஏன், பைத்தானுங்கூட 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ்ப்பெயரை ஏற்கின்றது! பொறி மறுக்கவில்லை, மறுப்போர் தமிழரே!

மன்றம் நடத்துவோர் முதற்பயிற்சியாகப் பாடு முறையையே எழிலில் எழுதச் செய்க. ஆங்கிலக் குறிகள் அதன்பின் வரட்டும்.