காதோடு பேச ஒரு போன்

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி எங்களை அழைத்தார். துறையில் தனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார். இரண்டு வாக்கியம் பேசியதும் குரல் தணிந்தது. "அக்கா, ரூமுக்கு ஆளு வந்துட்டாங்க. இந்த போன்ல ஸ்பீக்கர் போட்டாதான் கேக்கும். அப்புறம் கூப்பிடுறேன்." அன்று இரவு அவர் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. நான்காம் நாள் நேரில் வந்தபோதுதான் முழுவதையும் சொன்னார்.

புகார் நான்கு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், தோழர்களே. "ஏன் உடனே சொல்லவில்லை?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அது அவருடைய அண்ணன் பயன்படுத்திய பழைய போன். கடையில் "மாடல் பழசு, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நாங்கள் வாங்கிப் பார்த்தோம். இயர் ஸ்பீக்கரின் மேலிருக்கும் மெல்லிய வலையை வியர்வையும் தூசியும் பவுடரும் சேர்ந்து அடைத்திருந்தன. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், பத்து நிமிடம். பேச்சு தெளிவாகக் கேட்டது.

இதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. தனி அறை உள்ளவர் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பீக்கரில் பேசலாம். ஒற்றை அறை வீட்டிலும், எட்டுப் பேர் தங்கும் விடுதி அறையிலும், பேருந்து நிறுத்தத்திலும் நமக்கு இருக்கும் ஒரே தனிமை காதில் வைத்துக் கேட்கும் அந்தச் சிறு துளைதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கையில் உள்ள போன் ஊருக்கே கேட்கும்படி பேசினால் அந்த உரிமை எங்கே இருக்கிறது? ஹெட்செட் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அவசர அழைப்பு ஹெட்செட்டைத் தேடி எடுக்கும்வரை காத்திருக்காது.

எனவே இதை நாமே கற்றுக்கொள்வோம். முதலில் அழைப்பில் இருக்கும்போதே வால்யூமைக் கூட்டிப் பாருங்கள். அந்த அளவு தனி. புளூடூத்தை அணையுங்கள். டெம்பர் கிளாஸ் துளையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் போட்டால் எதிர்முனைக் குரல் நன்றாகக் கேட்கிறது, காதில் வைத்தால் மட்டும் மெலிந்து கேட்கிறது என்றால் பெரும்பாலும் அடைப்புதான். போனை அணைத்து, திரை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷால் சாய்வாகத் துலக்குங்கள். அழுக்கு கீழே உதிரும். ஊசி, குண்டூசி வேண்டாம். வலையையும் உள்ளே அதிரும் சவ்வையும் கிழித்துவிடும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் உள்ளே போகும்.

துலக்கியும் சத்தமே வரவில்லை, அல்லது கரகரக்கிறது என்றால் ஸ்பீக்கரை மாற்ற வேண்டியிருக்கலாம். கடைக்குப் போகும் முன் பதிவுகளையும் படங்களையும் வேறிடத்தில் சேமியுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். போனை விட்டுவிட்டு வராமல் கண் முன்னே கழற்றச் சொல்லுங்கள். லாக் எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் சிம்மைப் போட்டு நீங்களே திறந்து பேசிப் பாருங்கள். நம் போனில் இருப்பது நம் ரகசியம் மட்டுமல்ல, நம்மை நம்பிப் பேசியவர்களின் ரகசியமும்கூட.

பல பழைய போன்களில் இது எளிய வேலை. ஆனால் சில கம்பெனிகள் வேண்டுமென்றே சிக்கலாக்குகின்றன. 2017இல் வந்த ஐபோன் எக்ஸில் இயர் ஸ்பீக்கரும் முகத்தை அடையாளம் காணும் சென்சாரும் ஒரே பட்டையில் இருக்கின்றன. அந்தப் பட்டை அந்த ஒரு போனோடு பிணைக்கப்பட்டது. வேறொன்றை மாற்றினால் முகம் காட்டித் திறக்கும் வசதியே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நாம் முழுச் சொந்தக்காரர் இல்லை என்றுதான் இதற்குப் பொருள்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் இப்படி உதிரிபாகங்களைப் பிணைப்பதற்கு எதிராக 2024இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்களைக் கொடுத்தாக வேண்டும். இங்கே 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. நம் கோரிக்கைப் பட்டியலில் இதுவும் சேர வேண்டும். விலையில்லா மடிக்கணினி கேட்கத் தெரிந்த நமக்கு, அது கெட்டுப்போனால் உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று கேட்கவும் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது படித்தவர் வேலை இல்லை என்ற எண்ணம் நம் தோழர்களிடமும் இருக்கிறது. கைவேலையை இழிவாக்கியது எது என்று மேடையில் பேசுகிறோம். அந்த இழிவை நாமே ஏன் சுமக்க வேண்டும்?

அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு வரும்போது பழைய பிரஷ் ஒன்றும், வீட்டில் மூலையில் கிடக்கும் போனும் எடுத்து வாருங்கள். புத்தகம் முடிந்த பிறகு அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குவோம். அந்த மாணவி வருவதாகச் சொல்லியிருக்கிறார். துலக்கக் கற்றுக்கொடுக்கப் போவது அவர்தான்.