கீழாநெல்லி பக்தர்களுக்கு

கீழாநெல்லியின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. திருவையாற்றுப் பக்கத்து வரப்புகளில் அதை மிதிக்காமல் நடக்க முடியாது. காமாலை என்றதும் வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்த பாட்டியின் கையில் வளர்ந்தவன் நான். பத்தாம் நாள் கண் வெளுக்கும். பாட்டி பேர் வாங்குவாள். அசுத்தத் தண்ணீரால் வருகிற அந்தக் காமாலை பெரும்பாலும் வெறும் மோருக்கே இறங்கிவிடும் என்று அவளிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

என் சண்டை ஹெபடைடிஸ் பி விஷயத்தில். ரத்தத்தின் வழியாக வருகிற இந்தக் கிருமி கண்ணை மஞ்சளாக்க வேண்டும் என்ற அவசியம் கிடையாது. இருபது, முப்பது வருஷம் ஈரலில் ஓசைப்படாமல் குடித்தனம் செய்யும். பிறகு ஈரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம்.

கும்பகோணத்துப் பக்கம் என் சிநேகிதர் ஒருவர். ரத்த தானம் செய்யப் போன இடத்தில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். மனைவியிடம்கூடச் சொல்லாமல் கீழாநெல்லியோடு நிறுத்திக்கொண்டார். எட்டு வருஷம் கழித்து வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார். காபியைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதரை, 'குடித்திருப்பான்' என்றது ஊர்.

பக்தர்கள் உடனே 1988-ம் வருஷத்து 'லான்செட்' பத்திரிகையைக் காட்டுவார்கள். வாஸ்தவம். கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்று சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதில் எழுதினார்கள். இந்தக் கிருமியைக் கண்டறிந்தவரும் 1976-ல் நோபல் பரிசு பெற்றவருமான ப்ளம்பெர்கும் அந்தக் கட்டுரையில் பங்குகொண்டவர். எனக்கும் பெருமைதான். ஆனால் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லையே! லேகியக் கடைக்காரர் கதையின் முதல் பாதியை மட்டும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் முதலில் வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்பட்டவருக்குத் தினம் ஒரு டெனோஃபோவிர். கிருமியை வேரறுக்காவிட்டாலும் அடக்கி வைக்கும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பிறந்த குழந்தைக்கோ 24 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில். 'புண்யாகவசனம் ஆகட்டும்' என்று பதினோரு நாள் தள்ளிப்போடச் சொன்ன பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன்!

சிநேகிதரின் தம்பிக்கும் இருக்கிறது. இருவருக்கும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். தம்பி ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று எவ்வளவு சொல்லியும் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். போன வாரம் போயிருந்தபோது அந்த டம்ளரிலேயே எனக்குக் காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த வீட்டு அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!