கசெற்றில் ஓடிய பஸ்

கடந்த வாரம் பழைய பத்திரிகை நறுக்குகளைத் தேடி ஒரு பெட்டியைக் கிளறியபோது கசெற் ஒன்று கையில் அகப்பட்டது. ஒரு பக்கத்தில் 'பொப் பாட்டுகள்' என்றும் மறுபக்கத்தில் 'அண்ணை றைற்' என்றும் நீல மையில் எழுதியிருந்தது. 1990களின் முற்பகுதியில் வெள்ளவத்தையில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனின் கையெழுத்து அது. அவன் கனடாவுக்குப் போய் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. கசெற்றை ஓடவிட்டுக் கேட்பதற்கு இப்போது வீட்டில் கருவி இல்லை. ஆனால், அதில் இருப்பது எனக்கு ஏறக்குறைய மனப்பாடம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். 'அண்ணை' என்பது அன்னையல்ல. யாழ்ப்பாணத்தில் அண்ணனை விளிக்கும் சொல். 'றைற்' என்பது நீங்கள் எழுதும் 'ரைட்'. பஸ் கொண்டக்டர் சாரதிக்குக் கொடுக்கும் உத்தரவு அது. அதையே தலைப்பாகக் கொண்டு கே.எஸ். பாலச்சந்திரன் நிகழ்த்திய தனிநடிப்பு, இலங்கைத் தமிழர் மத்தியில் மேடையிலும் வானொலியிலும் பின்னர் கசெற்றிலும் பெற்ற செல்வாக்கு அசாதாரணமானது. மேடையில் பஸ் இல்லை, பிரயாணிகள் இல்லை, ஒரு மனிதர் மாத்திரமே நிற்கிறார். ஆனால், கேட்பவர்கள் எல்லோரும் நெரிசலில் நசுங்கிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் கசெற்றின் முதற்பக்கத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடினார்கள். போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமான பைலாத் தாளத்தில், கள்ளுக்கடையையும் மாமியையும் பற்றி ஊர்த் தமிழில் பாடல்கள். 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்தையும் ஆடவைத்தது. நண்பன் ஏன் இந்த இரண்டையும் ஒரே நாடாவில் சேர்த்தான் என்று அன்று நான் யோசித்ததில்லை. இன்று அதற்கு ஒரு காரணம் தென்படுகிறது. இரண்டுமே தமிழ்நாட்டுச் சினிமாவின் தமிழைக் கடன் வாங்காமல் எமது வாய்மொழியில் எம்மைச் சிரிக்கவைத்தவை.

அந்தச் சிரிப்பின் அருமையை உணர அக்காலக் கொழும்பை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். காலி வீதியில் பஸ்ஸில் ஏறினால் நாம் தாழ்ந்த குரலில்தான் பேசுவோம். சில நாட்களில் பேசவே மாட்டோம். குண்டு வெடித்த செய்தி வந்த மறுநாள், அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று மூன்று தடவை தடவிப் பார்த்துக்கொண்டே இறங்குமிடம் வரை மௌனமாக இருந்த பிரயாணங்கள் பல. அவ்வாறு அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, கசெற்றைப் போட்டால், அங்கே ஒரு கொண்டக்டர் பஸ் முழுவதும் கேட்கும்படி யாழ்ப்பாணத் தமிழில் சத்தமிட்டுக்கொண்டிருப்பார். வீதியில் நாம் விழுங்கிய குரல் அந்த நாடாவில் ஓங்கி ஒலித்தது. நாம் சிரித்தது பகிடிக்காக மாத்திரமல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் எமது நண்பர்கள் சிலர் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே கசெற் ஓடியது. பக்கத்து வீட்டுச் சிங்கள இளைஞன் முதற்பக்கத்துக்கு எங்களோடு சேர்ந்து ஆடினான். இரண்டாம் பக்கம் அவனுக்கு விளங்காது என்று நினைத்தோம். ஆனால், 'றைற்' என்ற சொல் வந்ததும் அவனும் வாய்விட்டுச் சிரித்தான். அவன் தினமும் போகும் பஸ்ஸிலும் அதே சொல்தானே! கொண்டக்டரின் அதிகாரமும் அலுப்பும் அவசரமும் மொழிபெயர்ப்பை வேண்டி நிற்பவையல்ல.

பஸ் ஒரு சாதாரண களமும் அல்ல. 1958ஆம் ஆண்டில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்ட பின்னர் அந்தச் சிவப்பு பஸ்கள் கிராமங்களின் உட்பகுதிகளுக்கும் போயின. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கோவிலுக்குள் நுழைவதற்குப் போராட வேண்டியிருந்த மக்களும், அவர்களைத் தடுத்தவர்களும், கட்டணம் கொடுத்து ஏறிய இடம் அது. அத்தனை பேரையும் ஒரே தொனியில் 'உள்ளுக்குப் போங்கோ' என்று நெருக்கித் தள்ளக்கூடிய உரிமை யாழ்ப்பாணச் சமூகத்தில் கொண்டக்டரைத் தவிர வேறு எவருக்கு இருந்தது? பாலச்சந்திரன் தேர்ந்தெடுத்த பாத்திரத்தின் பலம் அதில்தான் இருக்கிறது.

1960களின் முற்பகுதியில் எமது எழுத்துலகில் மரபுப் போராட்டம் நடந்தது. பேச்சுவழக்கை இலக்கியத்தில் கையாள்வதை இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் சிலர் கண்டித்தார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் பதிலடி கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இந்த விவாதங்களையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். ஆனால், அதே வழக்கைச் சாதாரண மக்களின் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றி ஒரு விரிவுரையையேனும் கேட்டதாக நினைவில்லை. சிரிக்கவைத்தவரைச் சிந்தனையாளராக மதிப்பதற்கு எமது விமர்சகர்களுக்குத் தயக்கம். பாலச்சந்திரன் 'வாடைக்காற்று' திரைப்படத்தில் நடித்தவர். 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்ற நாவலை எழுதியவர். ஆனாலும், இலக்கிய வரலாறு எழுதுவோரின் பட்டியல்களில் அவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அவர் 2014 பெப்ரவரியில் கனடாவில் காலமானார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். கலைஞர்கள் போய்விட்டார்கள், நாடாக்களும் பூஞ்சணம் பிடித்துப் போய்க்கொண்டிருக்கின்றன. இணையத்தில் சில பதிவுகள் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆனால், எந்த ஆண்டில், எந்த மேடையில், யார் பதிவுசெய்தது என்ற விபரமின்றி மிதக்கும் ஒலித்துண்டை ஆவணம் என்று சொல்லிவிட முடியாது. 2005இல் ஆரம்பித்த நூலகம் மின்னூலகம் எமது அச்சுப் பிரதிகளைக் காப்பாற்றுவதில் செய்திருக்கும் பணி மகத்தானது. ஒலிக்கும் அதே அளவு அக்கறை வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சு அன்று எப்படி ஒலித்தது என்பதை அச்சில் ஏற்றிய நாவல் காட்டுவதைவிட ஒரு பழைய கசெற் துல்லியமாகக் காட்டும்.

நண்பனுக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னேன். 'அது இன்னும் உன்னட்டையே இருக்கு?' என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தான். தன்னுடைய பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றான். கசெற்றை எண்ணிம வடிவத்துக்கு மாற்றித் தரக்கூடிய ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். புலம்பெயர்ந்து போனபோது நீங்கள் எடுத்துச்சென்ற பெட்டிகளையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.