லெஸ்டரின் விடுதலைக்கு விலை கொடுத்தவர் யார்?

'அமெரிக்கன் பியூட்டி' திரைப்படத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று அணிகள் உருவாகிவிடுகின்றன. முதலாவது அணியினருக்கு அது சிறைப்பட்ட மனிதன் ஒருவனின் விடுதலைக் காவியம். இரண்டாவது அணியினருக்கு அது வசதி படைத்த நாற்பது வயதுக்காரன் ஒருவனின் சுயஇரக்கப் புலம்பல். மூன்றாவது குரல் எம்மவர் மத்தியில் அடிக்கடி கேட்பது: "மேற்கின் குடும்பம் அழுகிப்போனதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?"

இந்த மூன்று அணியினரோடும் எனக்கு உடன்பாடில்லை. மூவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். லெஸ்டர் பேர்ன்ஹாம் என்ற மனிதன் தன்னைப் பற்றித் தானே சொல்வதைக் கேட்டுவிட்டு, அவனுக்குச் சார்பாகவோ எதிராகவோ தீர்ப்பு எழுதுகிறார்கள். அவன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வீட்டிலும் அடுத்த வீட்டிலும் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிக்க எவருமில்லை.

படம் வெளிவந்தது 1999 செப்டம்பரில். எழுதியவர் அலன் போல். பிரித்தானிய நாடக மேடையிலிருந்து வந்த சாம் மென்டிஸ் நெறிப்படுத்திய முதற் படம் இது. 2000 மார்ச்சில் சிறந்த படம், நெறியாள்கை, நடிகர், மூலத் திரைக்கதை, ஒளிப்பதிவு என ஐந்து ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஏறத்தாழ 15 மில்லியன் டொலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 350 மில்லியனுக்கு மேல் வசூலித்தது. எனவே இதனைச் சிலர் மட்டும் பார்த்த கலைப்படம் என்று ஒதுக்கிவிட முடியாது. கோடிக்கணக்கானோர் தம்மை அதில் கண்டிருக்கிறார்கள்.

கதை தெரிந்ததுதான். நகர்ப்புறத்தை அண்டிய அழகான வீடு. லெஸ்டருக்கு வயது 42. ஒரு சஞ்சிகை அலுவலகத்தில் வேலை. மனைவி கரோலின் வீடு விற்பனை முகவர். மகள் ஜேன் பாடசாலை மாணவி. மகளின் தோழி அஞ்சலாவின் மீது லெஸ்டருக்கு மயக்கம் உண்டாகிறது. அவன் வேலையை விடுகிறான், உடற்பயிற்சி செய்கிறான், கஞ்சா புகைக்கிறான், 1970ஆம் ஆண்டின் பொன்ரியாக் ஃபயர்பேர்ட் கார் ஒன்றை வாங்குகிறான். ஓராண்டுக்குள் தான் இறந்துவிடுவேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான், அப்படியே கொல்லப்படுகிறான்.

முதலாவது அணியினரை எடுத்துக்கொள்வோம். அவர்களது மகிழ்ச்சியை நான் ஏளனம் செய்யவில்லை. நானும் நாற்பதைக் கடந்தவன்தான். லெஸ்டர் மேலதிகாரியின் முன்னால் கால்நீட்டி அமர்ந்து ஒரு வருடச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. 'ஃபைட் கிளப்', 'ஒபிஸ் ஸ்பேஸ்', 'மேட்ரிக்ஸ்' ஆகிய படங்கள் வந்ததும் அதே 1999இல்தான். அலுவலக மேசையைத் தூக்கி எறியும் மனிதனைப் பார்க்க அமெரிக்கா அந்த ஆண்டில் ஆசைப்பட்டது. ஆனால் அந்தப் பணத்தை அவன் எப்படிப் பெறுகிறான்? நிறுவனத்தின் இரகசியத்தை வெளியிடுவேன் என்று மட்டும் அவன் மிரட்டவில்லை. மேலதிகாரி மீது பொய்யான பாலியல் புகார் கொடுப்பேன் என்றும் மிரட்டுகிறான். இதனை 'அமைப்புக்கு எதிரான கலகம்' என்று எழுதிய பேனாக்கள் அந்தப் பொய்யை மட்டும் வசதியாக மறந்துவிட்டன.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நடப்பதையும் பாருங்கள். வீட்டுக் கடனை இனி யார் கட்டுவது என்று கரோலின் குத்தலாகக் கேட்கிறாள். அது நியாயமான கேள்வி. லெஸ்டரின் பதில், உணவுப் பீங்கானைச் சுவரில் வீசி உடைப்பது. பார்வையாளர் கைதட்டிய காட்சி அது. அதற்குப் பின் என்ன நடக்கிறது? கரோலின் மகளின் அறைக்குச் செல்கிறாள், பேச்சு முற்றுகிறது, மகளின் கன்னத்தில் அறைந்துவிடுகிறாள். தகப்பன் வீசிய பீங்கான் தாய் வழியாக மகளிடம் வந்து சேருகிறது. படம் இதனை மறைக்கவில்லை. நாம்தான் முதற் காட்சிக்குச் சிரித்து இரண்டாவது காட்சியை மறந்துவிட்டோம்.

இரண்டாவது அணியினர் பின்னர் வந்தவர்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் இந்தப் படத்தின் கவலைகள் சொகுசுக் கவலைகளாகத் தோன்றின. 2008இன் நிதி நெருக்கடியில் ஏராளமான அமெரிக்கர் கடன் கட்ட முடியாமல் வீடுகளை இழந்த பின், வீடும் சம்பளமும் உள்ளவனின் சலிப்பைக் கேட்கப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை. 2017இல் லெஸ்டராக நடித்த கெவின் ஸ்பேசி மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2022இல் நியூயோர்க் சிவில் வழக்கிலும் 2023இல் லண்டன் குற்றவியல் வழக்கிலும் ஜூரிகள் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தனர். ஆயினும் படத்தைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை என்போர் பலர்.

அவர்களது அருவருப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் லெஸ்டரை வெறுத்து முழுப் படத்தையும் குப்பையில் போடும்போது கரோலினும் அதே குப்பைக்குள் போகிறாள். விற்க வேண்டிய வீடொன்றைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவி, இன்று இதை விற்றே தீருவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாள் முழுவதும் நிற்கிறாள். வந்தவர் எவரும் வாங்கவில்லை. ஜன்னல் திரைகளை மூடிவிட்டு விம்மி அழுகிறாள். அழுததற்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போகிறாள். அனெட் பெனிங்கின் நடிப்பில் இந்த ஒரு காட்சி, லெஸ்டரின் எல்லாச் சாகசங்களையும்விடக் கனமானது. நடுவயது நெருக்கடி அவளுக்கும் உண்டு. அதைக் கொண்டாட அவளுக்குச் சிவப்புக் கார் கிடைக்கவில்லை என்பதே வேறுபாடு. அவளைப் பணத்தாசை பிடித்தவள் என்று முத்திரை குத்தியவர்கள், கடனைக் கட்ட நின்றவள் அவள்தான் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி எம்மவருக்கு வருகிறேன். கட்டுப்பாடு இல்லாததால் அழிந்த குடும்பம் இது என்கிறீர்கள். நல்லது. அடுத்த வீட்டை ஏன் பார்க்க மறுக்கிறீர்கள்? அங்கே ஓய்வுபெற்ற கேணல் பிட்ஸ் வாழ்கிறார். ஒழுக்கமும் சட்டமும் அவர் வாயிலிருந்து இறங்குவதில்லை. போதைப்பொருள் பாவனையைக் கண்டறிய மகனின் சிறுநீரை ஒழுங்காகச் சோதிக்கிறார். பிழை செய்தால் அடிக்கிறார். வீட்டில் தூசி இல்லை, சத்தமும் இல்லை. மனைவி பாபரா நடைப்பிணம். யாரும் பேசாதபோதே தன்னிடம் ஏதோ சொல்லிவிட்டார்களோ என்று திடுக்கிட்டுக் கேட்கிறாள். பளிச்சென்றிருக்கும் வீட்டுக்குள் நின்றுகொண்டு, வீடு அலங்கோலமாகக் கிடப்பதற்காக வந்தவளிடம் மன்னிப்புக் கேட்கிறாள். மகனோ சோதனையை ஏமாற்றக் கற்றுக்கொண்டு கஞ்சா விற்கிறான். இறுதியில் துப்பாக்கி வெடிப்பது கட்டுப்பாடில்லாத வீட்டிலிருந்தவரின் கையால் அல்ல. அந்தக் கேணலின் கையால்தான். பயத்தால் நிற்கும் வீட்டை ஒழுக்கமுள்ள வீடு என்று பெயரிட்டு அழைப்பவர்களுக்கு இந்தப் படம் சொல்லும் பதில் அது. மேற்கின் அழுகலைக் காட்டும் கண்ணாடி என்று அதைத் தூரத்தில் பிடித்துக்கொண்டால் பாபராவை எமது தெருவில் அடையாளம் காண வேண்டிய கட்டாயம் எமக்கு இல்லாமல் போகிறது. அதுதான் அந்த விமர்சனத்தின் வசதி.

எம்மவரில் இன்னொரு சாரார் படத்தின் முடிவை மெச்சுகிறார்கள். பராயமடையாத அஞ்சலாவுக்குத் தீங்கு செய்யப்போன லெஸ்டர் கடைசி நிமிடத்தில் நின்றுவிடுகிறான். இறந்த பின் தன் வாழ்வின் ஒவ்வொரு கணத்துக்கும் நன்றி சொல்கிறான். இது ஷுக்ர் அல்லவா, தவ்பா அல்லவா என்கிறார்கள். நின்றதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அநியாயம் செய்யாமல் நிற்பது கடமை. அதற்காகப் பொன்னாடை போர்த்துவதில்லை. அதன்பின் அவன் அஞ்சலாவிடம், ஜேன் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கிறான். பார்வையாளர் கண்கலங்கும் இடம். ஜேன் அப்போது அதே வீட்டின் மாடியில் இருக்கிறாள். மகளைப் பற்றி மகளின் தோழியிடம் கேட்டவன், படியேறிப் போய் மகளிடம் கேட்கவில்லை.

அல்குர்ஆனின் அல்-அஹ்காப் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் நாற்பது வயதைக் குறிப்பிட்டே பேசுகிறது. அந்த வயதை அடைந்தவன் செய்யும் பிரார்த்தனையில் நன்றி மட்டும் இல்லை. பெற்றோருக்குக் கிடைத்த அருளும் உண்டு, நற்செயலும் உண்டு, பிள்ளைகளின் சீரும் உண்டு, மீளுதலும் உண்டு. முன்னோரையும் பின்னோரையும் சேர்த்துக்கொண்ட நன்றி அது. லெஸ்டரின் நன்றியில் கணக்கு ஒப்புவித்தல் இல்லை. தன் நினைவுகளின் அழகுக்கு அவன் நன்றி சொல்கிறான், அவ்வளவுதான்.

இந்தக் குறை தற்செயலானதல்ல என்பதற்குப் படம் உருவான விதத்திலேயே சான்றுண்டு. அலன் போல் எழுதிய மூலப் பிரதியில் ஒரு நீதிமன்றக் கதையும் இருந்தது. தகப்பனைக் கொல்லுமாறு ஜேன் விளையாட்டாகப் பேசிய ஒளிநாடா சாட்சியமாகி, செய்யாத கொலைக்காக அவளும் அவளது காதலன் ரிக்கியும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்படுவார்கள். அக்காட்சிகள் படமாக்கப்பட்டு, தொகுப்பின்போது நீக்கப்பட்டன. ஒளிநாடாத் துண்டு மட்டும் இன்றும் படத்தின் ஆரம்பத்தில் நிற்கிறது. நீக்கியதால் படம் மென்மையடைந்தது, அழகடைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியவர்களின் கடனைப் பிள்ளைகள் கட்டும் பகுதி அதனோடு போய்விட்டது. கடைசிச் சொல் இறந்தவனிடமே விடப்பட்டது. இறந்தவனோடு யார் வழக்காடுவார்?

எனவே எனது தீர்ப்பு இதுதான்: ஏறத்தாழ இரண்டு மணிநேரம் நேர்மையாக நடந்த படம், கடைசிச் சில நிமிடங்களில் தன் நாயகனுக்குக் கணக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. காவியமும் அல்ல, குப்பையும் அல்ல.

இதை எமது எழுத்தாளர்களிடம் சொல்ல ஒரு காரணம் உண்டு. நாற்பது கடந்த ஆணின் வெறுமையை எமது கதைகளும் எழுதிக் குவித்திருக்கின்றன. அவற்றில் அவன் சிந்திக்கிறான், தவிக்கிறான், பழைய காதலை நினைத்து நனைகிறான். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். லெஸ்டரைத் திட்டும் அதே பேனாவால் அவனைத்தான் நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

படத்தின் முடிவில், லெஸ்டரின் குரல் ஒலித்துக்கொண்டிருக்கையில், கரோலின் கைத்துப்பாக்கி கிடந்த தன் கைப்பையை அழுக்குத்துணிக் கூடைக்குள் திணித்துவிட்டு, அலுமாரியில் தொங்கும் கணவனின் உடுப்புகளைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். அவளுக்கு அங்கே ஒரு வார்த்தைகூடக் கொடுக்கப்படவில்லை. அடுத்தமுறை படத்தைப் பற்றி விவாதிக்க அமர்வோர் அந்த அலுமாரியிலிருந்து தொடங்கட்டும்.